ஸ்பானிஷ் சொல்லில் அழுத்தம் எங்கே விழும்: விதியா, கடைசி எழுத்தா, காதா, நெடிலா?

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆனவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "சொல்லை அசை அசையாகப் பிரிக்கிற விதி மட்டும் புத்தகத்தில் நாலு பக்கம் இருக்கு. முழுசா மனப்பாடம் பண்ணணுமா, இல்லை கேட்டுக் கேட்டே வந்துடுமா?" என் மாலை வகுப்பில் எல்லா அணியிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அசை பிரிப்பதே அழுத்தம் எங்கே விழும், அதாவது எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்று கண்டுபிடிக்கத்தான். தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது; 'மரம்' என்பதை எப்படி ஓங்கிச் சொன்னாலும் மரம்தான். ஸ்பானிஷில் அழுத்தம் நகர்ந்தால் சொல்லே வேறாகிவிடும்:

[தேர்]-மி-னொ: முடிவு, கெடு
தெர்-[மீ]-னொ: நான் முடிக்கிறேன்
தெர்-மி-[னோ]: அவர் முடித்தார்

எழுத்துகள் மூன்றிலும் அவையேதான். முதல் சொல்லிலும் மூன்றாவது சொல்லிலும் உயிரெழுத்தின் தலையில் ஒரு சிறு சாய்கோடு மட்டும் கூடுதல். அந்தக் கோட்டுக்குத் தில்தெ என்று பெயர்.

படிப்பதற்கு முன் ஒரு வார்த்தை. ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அசைகளுக்கு நடுவே சிறு கோடு இருக்கும். அழுத்தம் விழும் அசை சதுர அடைப்புக்குள், நெடிலோடு இருக்கும்; மற்ற அசைகள் குறில். ஏன் இப்படி எழுதுகிறேன் என்பது நாலாவது வழிக்கு வரும்போது தெரியும். க, த, ப மூன்றுக்கும் ஸ்பானிஷில் இரண்டிரண்டு ஒலி உண்டு. அழுத்தத்தைக் கண்டுபிடிக்க அந்த வேறுபாடு தேவையில்லை என்பதால் இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

யாப்பிலக்கணம் படித்தவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் நேரசை, நிரையசைக் கணக்கு இங்கே பொருந்தாது. 'கருவிளம்' நமக்கு இரண்டு அசை. ஸ்பானிஷ்காரர் எண்ணினால் க-ரு-வி-ளம் என்று நாலு. இந்தக் கட்டுரையில் அசை என்றால் ஒரே மூச்சில் வரும் ஓர் உயிரொலியும் அதை ஒட்டிய மெய்களும்.

## எதை வைத்து எடை போடுவது

என் அனுபவத்தில் நாலு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, முன்பின் பார்த்திராத சொல்லை அச்சில் பார்த்ததும் சரியாக வாசிக்க முடிகிறதா என்பது. இரண்டாவது, காதில் விழுந்த சொல்லை எழுதும்போது தில்தெ போட வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடிகிறதா என்பது. இவ்விரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் எழுத்திலிருந்து ஒலிக்குப் போகிறோம், இரண்டாவதில் ஒலியிலிருந்து எழுத்துக்கு வருகிறோம். வாசிப்பில் பிழையே இல்லாதவர்கள் கடிதம் எழுதும்போது தில்தெயை எல்லாம் தவறவிடுவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, பேச்சின் வேகத்துக்கு அந்த வழி ஈடுகொடுக்குமா என்பது. நாலாவது, அந்த வழி பின்னால் என்ன விலை கேட்கும் என்பது. தொடக்கத்தில் சுலபமாகத் தெரியும் வழி, ஆறு மாதம் கழித்து உடைக்க முடியாத பழக்கமாகிவிடுவதுண்டு.

## முதல் வழி: முழு விதி

சொல்லை அசைகளாகப் பிரித்து, அழுத்தம் எந்த அசையில் என்று பார்த்து வகைப்படுத்துவது. ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் படிப்பது இப்படித்தான். கடைசி அசையில் அழுத்தம் விழும் சொல்லின் வகைப்பெயர் அ-[கூ]-த. கடைசிக்கு முந்தியதில் விழுந்தால் [யா]-ன. அதற்கும் முந்தியதில் விழுந்தால் எஸ்-[த்ரூ]-ஹு-ல.

மெய்யெழுத்து விதிகள் ஒழுங்கானவை. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னால் வரும் உயிரோடு சேரும்: [லீ]-ம. இரண்டு மெய் வந்தால் ஆளுக்கொன்று: [பார்]-தெ. ஆனால் இரண்டாவது மெய் ஆர் அல்லது எல்லாக இருந்து, முன்னால் க, ப, ஃப போன்ற ஒலி நின்றால் இரண்டும் பிரியாது; த வகை ஒலி ஆரோடு மட்டும் அப்படிச் சேரும். அதனால்தான் ஸ்பெயினின் தலைநகரம் ம-[த்ரீத்], 'மத்-ரித்' இல்லை. மூன்று, நாலு மெய் வந்தாலும் இதே தர்க்கம் நீளும்: இன்ஸ்-[தான்]-தெ, கொன்ஸ்-த்ருக்-[ஸ்யோன்]. இரட்டை எல், இரட்டை ஆர், சி-ஹெச் ஆகியவை இரண்டு எழுத்தானாலும் ஒரே ஒலி. நடுவே வெட்டக் கூடாது.

நாலு பக்கத்தில் பாதிக்கு மேல் இந்த மெய் விதிகள்தான். இவ்வளவையும் படித்தவர்களுக்குப் பாடப்புத்தகம் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு: மெய்களை எங்கே வெட்டினாலும் அழுத்தம் மாறாது. 'தடகள வீரர்' என்பதற்கான சொல்லை ஸ்பெயினில் பெரும்பாலும் அத்-[லே]-த என்று பிரிக்கிறார்கள். மெக்சிகோவிலும் லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களிலும் அ-[த்லே]-த. அழுத்தம் இரண்டிலும் 'லே' மேல்தான். அடிக்கோடிடுதலைக் குறிக்கும் ஸுப்-ர-[யார்] பொது விதிக்கு விலக்கு. முன்னொட்டு என்பதால் 'ஸுப்' தனியாக நிற்கிறது. தெரியாமல் 'ஸு-ப்ர-யார்' என்று பிரித்தாலும் அழுத்தம் 'யார்' மேல்தான் விழும். அழுத்தத்துக்கு வேண்டியது உயிர்களின் எண்ணிக்கை மட்டுமே. மெய் எந்தப் பக்கம் போனால் என்ன?

அப்படியானால் மெய் விதிகளுக்கு எங்கே வேலை? வரி முடிவில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும்போது. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. நாடக அரங்கம் தெ-[ஆ]-த்ரொ, மூன்று அசை. ஆனால் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு உயிர்களை வரி ஓரத்தில் பிரிக்கக் கூடாது என்பது ஸ்பானிஷ் எழுத்திலக்கணம். ஆகவே அந்தச் சொல்லை 'த்ரொ'வுக்கு முன்னால் மட்டுமே உடைக்கலாம். அசை பிரிப்பும் வரி உடைப்பும் ஒன்றென்று நினைத்துப் படித்தவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

மரபுச் செய்யுள் படிக்க விரும்புகிறவர்களுக்கு முழு விதி தவிர வேறு வழியில்லை. அங்கே வரிக்கு இத்தனை அசை என்பதே அளவு. வரியின் கடைசிச் சொல் அகூத வகையானால் ஓர் அசை கூட்டிக்கொள்வார்கள். எஸ்த்ரூஹுல வகையானால் ஒன்று குறைப்பார்கள். ஒரு சொல்லின் இறுதி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் கலந்து ஓரசையாவதும் உண்டு. நம் சீர் பிரிப்பில் ருசி கண்டவர்களுக்கு இது பெரிய விருந்து.

மறைந்திருக்கும் விலை என்னவென்றால், வாக்கியம் படிக்க வேண்டிய நேரத்தில் பென்சிலும் கையுமாகச் சொற்களைக் கூறுபோட்டுக்கொண்டிருக்கும் பழக்கம். வாய் திறக்கும்போது அந்தப் பென்சில் கூட வராது.

## இரண்டாவது வழி: கடைசி எழுத்து

அசையைப் பிரிக்காமல் சொல்லின் வாலைப் பார்ப்பது. மூன்றே வரிகள்:

தில்தெ இருந்தால் அழுத்தம் அங்கேதான். வேறெதையும் பார்க்க வேண்டாம்.
தில்தெ இல்லாமல், சொல் உயிரெழுத்திலோ என் அல்லது எஸ் எழுத்திலோ முடிந்தால் அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில்.
தில்தெ இல்லாமல், வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில்.

ஊர்ப்பெயர்களில் போட்டுப் பாருங்கள். [லீ]-ம உயிரில் முடிகிறது. க-[ரா]-கஸ் எஸ்ஸில் முடிகிறது. இரண்டிலும் கடைசிக்கு முந்திய அசை. ம-[த்ரீத்] டி எழுத்திலும் எ-க்வ-[தோர்] ஆரிலும் முடிவதால் கடைசி அசை. இந்த ஒழுங்கை மீறுகிற ஊர்கள் எல்லாம் தில்தெ சுமக்கின்றன: ப-ன-[மா], பொ-கொ-[தா], பெ-[ரூ], மெ-தெ-[யீன்], [கா]-திஸ், [கோர்]-தொ-ப, [மே]-ஹி-கொ. எஸ்த்ரூஹுல வகை எப்போதுமே மீறல்தான். அதனால் அந்த வகைச் சொல் ஒவ்வொன்றிலும் தில்தெ இருக்கும்.

ஏன் என்னுக்கும் எஸ்ஸுக்கும் மட்டும் இந்தச் சலுகை? [ஆ]-ப்ல என்றால் 'அவர் பேசுகிறார்'. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பது [ஆ]-ப்லன். 'நீ பேசுகிறாய்' என்பது [ஆ]-ப்லஸ். வீடு [கா]-ஸ, வீடுகள் [கா]-ஸஸ். விகுதி சேர்ந்தும் அழுத்தம் அசையவில்லை. என்னும் எஸ்ஸும் மொழி முழுக்க ஓடும் விகுதிகள். அவற்றை மற்ற மெய்களைப் போல நடத்தியிருந்தால் பன்மை ஒவ்வொன்றுக்கும் ஒரு தில்தெ போட வேண்டியிருக்கும். இந்தக் காரணம் புரிந்தவர்களுக்கு விதி மறப்பதில்லை.

பன்மையில் தில்தெ வந்து போவதும் இதே கணக்கில்தான். பாட்டு கன்-[ஸ்யோன்], தில்தெ உண்டு. பாட்டுகள் கன்-[ஸ்யோ]-னெஸ், தில்தெ போய்விட்டது. இளைஞர் [ஹோ]-பென், தில்தெ இல்லை. இளைஞர்கள் [ஹோ]-பெ-னெஸ், தில்தெ வந்துவிட்டது. அழுத்தம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, கோடு மட்டும்தான் வந்து போகிறது. விலக்கு மிகச் சில. க-[ராக்]-தெர் பன்மையில் க-ரக்-[தே]-ரெஸ் ஆகும். அதைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒய் எழுத்தில் முடியும் சொற்களை மெய்யில் முடிந்தவையாகவே கணக்கிட வேண்டும். அதனால்தான் உ-ரு-[க்வாய்] தில்தெ இல்லாமலே கடைசி அசையில் அழுத்தம் பெறுகிறது.

இந்த வழியின் விலை ஒன்றே ஒன்று, ஆனால் அது பெரியது. 'கடைசிக்கு முந்திய அசை' என்று சொல்லிவிட்டோம். அடுத்தடுத்து இரண்டு உயிர் வந்தால் அது ஓரசையா, ஈரசையா?

### உயிர் இணைகள்: எந்த வழியில் போனாலும் எதிரே வந்து நிற்பவை

ஸ்பானிஷில் அ, எ, ஒ மூன்றும் வலிய உயிர்கள். இ, உ மெலியவை. இரண்டு வலியவை சந்தித்தால் பிரிந்தே நிற்கும்: பில்-[பா]-ஒ, மொன்-தெ-பி-[தே]-ஒ. வலியதும் மெலியதும் சந்தித்தால் ஒட்டி ஓரசையாகும்: பொ-[லீ]-ப்ய, [மூர்]-ஸ்ய. இரண்டு மெலியவை சந்தித்தாலும் ஒட்டும்: நகரம் ஸ்யு-[தாத்]. ஒட்ட வேண்டிய இடத்தில் அழுத்தம் மெலிய உயிரின் மேல் விழுந்தால் மட்டும் ஒட்டு உடையும். உடைந்ததைக் காட்ட அந்த மெலிய உயிரின் தலையில் கட்டாயம் தில்தெ ஏறும்: அல்-மெ-[ரீ]-அ. தில்தெ வலிய உயிரின் மேல் இருந்தால் ஒட்டு உடையாது. கன்-[ஸ்யோன்] இரண்டு அசைதான்.

நம்மைப் போன்ற தமிழ்க் காதுக்கு இது ஏன் கடினம் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். தமிழில் இரண்டு உயிர் அருகருகே நிற்காது. நடுவே உடம்படுமெய் நுழைந்துவிடும். அதனால் பில்பா-ஒ நம் வாயில் 'பில்பாவோ' ஆகிறது. இதில் பெரிய கேடில்லை. கேடு 'யா'வில் இருக்கிறது. மரியா, பொலிவியா இரண்டையும் தமிழில் ஒரே மாதிரி 'யா' போட்டு எழுதுகிறோம். ஸ்பானிஷில் முன்னது ம-[ரீ]-அ: மூன்று அசை, 'ரீ' தனியே நிமிர்ந்து நிற்கிறது. பின்னது பொ-[லீ]-ப்ய: இதுவும் மூன்று அசைதான், ஆனால் கடைசி இரண்டு உயிரும் ஒரே துண்டு. மரியோ என்ற ஆண்பெயரோ [மா]-ர்யொ, இரண்டே அசை.

பெயரோடு போனால் பரவாயில்லை. கீழே உள்ளவை தினசரி வாக்கியத்தில் வருபவை:

[ஆ]-ஸ்ய என்றால் 'அதை நோக்கி'. அ-[ஸீ]-அ என்றால் 'செய்துகொண்டிருந்தார்'.
[ஸா]-ப்ய என்றால் 'அறிவுள்ளவள்'. ஸ-[பீ]-அ என்றால் 'அறிந்திருந்தார்'.
கொன்-[தீ]-ன்வொ 'தொடர்ச்சியான', கொன்-தி-[னூ]-ஒ 'நான் தொடர்கிறேன்', கொன்-தி-[ன்வோ] 'அவர் தொடர்ந்தார்'.

இறந்தகால வினைகளில் பல இந்த 'ஈ-அ' முடிவில் இருப்பதால், உயிர் இணையை விட்டுவிட்டு ஸ்பானிஷ் பேச முடியாது. நாலு பக்கத்தில் ஒரே ஒரு பக்கம்தான் படிப்பேன் என்று யாராவது அடம்பிடித்தால், நான் கையில் கொடுப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

ஹெச் எழுத்துக்கு ஒலி கிடையாது. இரண்டு உயிருக்கு நடுவே அது நின்றாலும் நிற்காத மாதிரியே கணக்கு. 'தடை செய்கிறது' என்பது ப்ரொ-[ஈ]-பெ. நடுவில் ஹெச் இருந்தும் 'ஈ' தலையில் தில்தெ வேண்டும். கியூ, ஜி எழுத்துகளுக்குப் பின் எ அல்லது இ-க்கு முன்னால் வரும் யு பெரும்பாலும் ஊமை. அதை உயிராக எண்ணக் கூடாது. அந்த யு-வின் மேல் இரண்டு புள்ளி இருந்தால் மட்டும் ஒலிக்கும்.

## மூன்றாவது வழி: காது

தொடர், பாட்டு, வானொலி என்று நிறையக் கேட்டு, சொல்லை அழுத்தத்தோடு சேர்த்தே உள்வாங்குவது. பேச்சு வேகத்துக்கு இதற்கு ஈடு கிடையாது. [ஆ]-ப்லொ 'பேசுகிறேன்', அ-[ப்லோ] 'பேசினார்'. இவற்றில் எது வந்தது என்று அரை நொடியில் பிடிப்பது காதுதான். தில்தெ போடுவதற்கும் காதுதான் மூலதனம். அழுத்தம் எங்கே விழுந்தது என்று கேட்கத் தெரியாதவருக்கு எந்த விதியும் உதவாது.

ஆனால் நம் காது இதற்குப் பழகியதல்ல. நாம் ஒலியின் நீளத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். படமும் பாடமும் வேறு, கல்லும் காலும் வேறு என்று குழந்தையிலேயே தெரியும். அழுத்தத்தைத் தனியாகக் கவனிக்க நமக்குத் தேவை வந்ததே இல்லை. வகுப்பில் ஒருவர் பல மாதம் தொடர் பார்த்துத் தானாகவே ஸ்பானிஷ் கற்று வந்தார். பேச்சு சரளம். ஆனால் 'அவர் பேசினார்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'நான் பேசுகிறேன்' என்பதே அவர் வாயில் வந்தது. அவர் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டிருந்தன. அதைத் திருத்த எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

எந்த நாட்டு ஸ்பானிஷைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். காணொலியை ஸ்பெயினில் [பீ]-தெ-ஒ என்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் பி-[தே]-ஒ. கால்பந்து பெரும்பாலான நாடுகளில் [ஃபூத்]-பொல், மெக்சிகோவில் ஃபுத்-[போல்]. அர்ஜென்டினாவில் 'நீ பேசுகிறாய்' என்பதே அ-[ப்லாஸ்]. மூன்று நாட்டுத் தொடர்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்கு எது விதி, எது வட்டாரம் என்று பிரிக்கத் தெரியாது. ஒரு வருடமாவது ஒரே வட்டாரத்தைக் கேளுங்கள்.

## நாலாவது வழி: நெடில்

இது பாடப்புத்தகத்தில் இல்லாத வழி, தமிழர்களுக்கே வாய்த்தது. அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்வது. நம் எழுத்தில் எ, ஏ இரண்டும் உண்டு. ஒ, ஓ இரண்டும் உண்டு. ஐந்து ஸ்பானிஷ் உயிர்களுக்கும் குறில்-நெடில் இணை கைவசம் இருக்கிறது. தேர்மினொ, தெர்மீனொ, தெர்மினோ என்று அடைப்பே இல்லாமல் எழுதினாலும் மூன்று சொல்லும் தெளிவாக வேறுபடுகின்றன. ஸ்பானிஷில் அழுத்தம் பெற்ற உயிர் இயல்பாகவே சற்று நீண்டு ஒலிப்பதால் இது பொய்யான குறியீடும் அல்ல. நீளம் கேட்கத் தெரிந்த நம் காதுக்கு அழுத்தத்தை நீளமாக மொழிபெயர்த்துக் கொடுக்கிறோம்.

[பா]-ப என்றால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, ப-[பா] என்றால் அப்பா. இதை 'பாப', 'பபா' என்று எழுதிக் காட்டியதும் வகுப்பில் ஒருவரும் அதற்குப் பிறகு குழம்பவில்லை. 'கொடு' என்பதற்கு ஸ்பானிஷ் ஏவல் 'தா'. (தற்செயல்தான், ஆனாலும் கேட்ட தமிழர் எல்லோருக்கும் முகம் மலர்கிறது.) 'அதை எனக்குத் தா' என்பது [தா]-மெ-லொ. இரண்டு சொல் பின்னால் வந்து ஒட்டியும் நெடில் முதலிலேயே நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

விலை மூன்று. ஒன்று, நெடிலை நம் முழு இரண்டு மாத்திரைக்கு இழுத்துவிடும் ஆபத்து. ஸ்பானிஷ் நீளம் அவ்வளவு இராது. ஓசையின் ஓங்கலும் சேர்ந்தால்தான் அழுத்தம்.

இரண்டாவது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தமிழ்ச் சொல் குறில் எகரத்திலோ ஒகரத்திலோ முடிவது வழக்கமில்லை. அதனால் கை தானாக மெக்சிகோ, பெசோ என்று இறுதியில் நெடில் போட்டுவிடும். சொல் இறுதியில் அந்த ஓகாரம் வந்தால் 'நான் முடிக்கிறேன்' என்பது 'அவர் முடித்தார்' ஆகிவிடும். 'மேஹிகொ', 'பேஸொ' என்று எழுதக் கையைப் பழக்க வேண்டும். கண்ணுக்கு முதலில் உறுத்தும். செய்தித்தாளில் பார்த்துப் பழகிய எழுத்துமுறையும் குறுக்கே வரும். 'பனாமா'வில் இரண்டு நெடில், 'பெரு'வில் ஒன்றுமில்லை. அழுத்தக் குறியாகப் பார்த்தால் பனமா, பெரூ என்றிருக்க வேண்டும். பேச்சில் மெய்யீற்றுக்குப் பின் உகரம் சேர்த்து 'மத்ரீத்து' என்று சொல்லும் பழக்கமும் ஓர் அசையைக் கூட்டிவிடும்.

மூன்றாவது, இது ஊன்றுகோல். தமிழ் எழுத்திலேயே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தால் தில்தெ எங்கே இருக்கிறது என்று கண் பழகாது. முதல் முந்நூறு சொல் வரை வைத்துக்கொண்டு பிறகு கைவிட வேண்டும் என்பது என் கணக்கு.

## கணினிக் கருவிகள்

சொல்லை இட்டால் அசை பிரித்துக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் நிறைய. ஸ்பானிஷ் விதிகள் ஒழுங்கானவை என்பதால் பெரும்பாலும் சரியாகவே பிரிக்கின்றன. முன்னொட்டுச் சொற்களில் தவறலாம். விடை சரிபார்க்க நல்லது. அதையே வழியாக வைத்துக்கொண்டால் எதிரே நிற்பவர் பேசும்போது என்ன செய்வது?

## ஒரே பார்வையில்

| | புதுச் சொல்லை வாசிக்க | தில்தெ போட | பேச்சு வேகம் | மறைந்த விலை |
|---|---|---|---|---|
| முழு விதி | மிக நன்று | நன்று, அழுத்தம் தெரிந்தால் | குறைவு | பாதி விதிகள் அழுத்தத்துக்குத் தேவையற்றவை |
| கடைசி எழுத்து | மிக நன்று | நன்று, அழுத்தம் தெரிந்தால் | நடுத்தரம் | உயிர் இணையில் தவறும் |
| காது | குறைவு | தனியே போதாது | மிக நன்று | தவறாகக் கேட்டது ஊறிவிடும் |
| நெடில் | உதவாது | குறைவு | நன்று | இறுதி நெடில் பழக்கம் |

## யாருக்கு எது

மூன்று மாதத்தில் பயணம், பேசினால் போதும் என்பவர்களுக்கு நெடில் வழியில் அன்றாட வாக்கியங்களும், தினமும் அரைமணி நேரக் கேட்பும். விதிப் பக்கமே போக வேண்டாம்.

தேர்வு எழுதுகிறவர்கள், குறிப்பாக இன்ஸ்தித்துதோ செர்வாந்தெஸ் நடத்தும் டெலே தேர்வுக்குப் போகிறவர்கள், கடைசி எழுத்து வழியை உயிர் இணைப் பக்கத்தோடு சேர்த்துப் படிப்பதே நல்லது. ஒரு வாரத்தில் பிடிபடும். அதோடு தினம் பத்துச் சொல் சொல்வதெழுதுதல். சொல்லைக் கேளுங்கள், எந்த அசை என்று விரலால் தட்டுங்கள், அதன் பிறகு வாலைப் பாருங்கள். வால் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போனால் தில்தெ வேண்டாம். முரண்பட்டால் போடுங்கள். உடைந்த உயிர் இணையில் மட்டும், ஒத்துப்போனாலும் மெலிய உயிரின் மேல் போட வேண்டும். விதியும் காதும் சேரும் இந்த இடத்தில்தான் எழுத்து திருந்துகிறது.

ஸ்பானிஷிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவர்கள், செய்தி எழுதுகிறவர்கள் கடைசி எழுத்து வழியைத் தெரிந்துகொண்டாலே பெயர்களை நேராக எழுதலாம். [பே]-ரெஸ், கர்-[ஸீ]-அ, கொன்-[ஸா]-லெஸ் என்று மூலத்தில் தில்தெ இருக்கும் இடத்தில் நெடில் போட்டால் போதும்.

முழு விதிக்கு உட்கார வேண்டியவர்கள் செய்யுள் படிக்கிறவர்களும், ஸ்பானிஷில் அச்சுக்கு எழுதுகிறவர்களும், கற்பிக்க விரும்புகிறவர்களும். அவர்களும் உயிர் விதியை முதலில் முடித்துவிட்டு மெய் விதிக்குப் போனால் பாதி நேரம் மிச்சம்.

எந்த வழியும் எட்டாத ஒரு சின்ன மூலை இருக்கிறது. 'அவர்' என்ற எல் தில்தெ போட்டு எழுதப்படும். பெயருக்கு முன் வரும் சுட்டான எல் தில்தெ இல்லாமல். இரண்டுக்கும் ஒலி ஒன்றே. 'நீ' என்ற தூவுக்கு உண்டு, 'உன்' என்ற தூவுக்கு இல்லை. சிறுகோட்டைக் குறிக்கும் 'கியொன்' என்ற சொல்லை 1999-ஆம் ஆண்டு விதி தில்தெ போட்டும் போடாமலும் எழுத விட்டது. 2010-இல் வந்த எழுத்திலக்கணம் அதை ஓரசைச் சொல்லாகக் கொண்டு தில்தெயை எடுத்துவிட்டது. இரண்டு அசையாக உச்சரிக்கிறவர்கள் இன்றும் அப்படியே உச்சரிக்கிறார்கள். எழுதும்போது மட்டும் போடுவதில்லை. இப்படிப்பட்ட சொற்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஒரு தாளில் எழுதி, படிக்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைத்துவிடுங்கள்.